ஆபீஸ் சர்வர் அவ்வப்போது ஹேங்க் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிட்டர் அலுவலகம், மொத்த வியாபாரக் கடை, ஸ்கேன் சென்டர், அச்சகம் என்று ஐந்து முதல் இருபது பேர் வேலை செய்யும் இடங்களில் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரேயடியாகச் செத்துப்போன சர்வரைச் சரிசெய்வது சுலபம். வாரத்துக்கு ஒருமுறை நின்று, ரீஸ்டார்ட் செய்ததும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும் சர்வர்தான் ஆளை அலைக்கழிக்கும். போனில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் விண்டோஸ்தான் என்பதால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். கீழே உள்ள எதைச் செய்வதற்கு முன்பும் டேட்டாவை வெளி டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். காரணம் டிஸ்க் என்றால், நாம் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அது போய்விடலாம்.

1. "சார், சர்வர் ஹேங்க் ஆயிடுச்சு. டாலி எல்லாருக்கும் நின்னுபோச்சு. சர்வர்தானே காரணம்?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நிற்க நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று கெட்டாலே போதும். யாரோ ஒருவர் கீழே கிடந்த கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிட்டால் மொத்த ஆபீஸும் நின்றுவிடும். சர்வரின் ஐபி முகவரியையே வேறொரு பிரிண்டரோ வைஃபை ரவுட்டரோ எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். அப்படி நடந்தால் விண்டோஸ் தன் லாக்கில் (நடப்பதை அது தானே எழுதி வைக்கும் பதிவேடு) 4199 என்ற எண்ணில் ஒரு பதிவு போட்டு வைக்கும்.

அதனால் முதலில் சர்வருக்கு முன்னால் போய் உட்காருங்கள். மவுஸ் நகர்கிறதா? கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? இரண்டும் நடந்து, சர்வரிலேயே டாலி திறந்து வேலை செய்தால் சர்வர்மேல் பழி இல்லை, ஸ்விட்ச்சைப் பாருங்கள். மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை என்றால் சிஸ்டம் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கேப்ஸ் லாக் விளக்கே அசையவில்லை என்றால் முழு உறைவு. இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. "ஹேங்க்" என்று பொதுவாகச் சொல்லாமல் மூன்றில் எது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

2. "பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம், சரியாயிடும். அதுல என்ன தப்பு?"

இரண்டு நஷ்டம். எழுதிக்கொண்டிருந்த டேட்டா பாதியில் நின்று கெடலாம். அதோடு, என்ன நடந்தது என்பதற்கான சாட்சியமும் போய்விடும். முழு உறைவு மாதிரித் தெரிவது சில சமயம் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருப்பதாக இருக்கும். டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் வழக்கமாக 60 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதை ரீசெட் செய்யும். லினக்ஸில் 30 விநாடி. இது இரண்டு மூன்று முறை தொடர்ந்தால் சில நிமிடங்கள் ஓடிவிடும்.

ஆகவே ஐந்து நிமிடம் காத்திருங்கள். அதற்குள் திரையைப் போனில் ஒரு படம் எடுங்கள். டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறதா, சிமிட்டுகிறதா, அணைந்தே இருக்கிறதா என்று பாருங்கள். தானாக உயிர் வந்துவிட்டால் அது பெரிய துப்பு, நேராகக் கேள்வி 5-க்குப் போகலாம். வரவில்லையென்றால் பவர் பட்டனை அழுத்துங்கள், வேறு வழியில்லை.

3. "என்னென்ன எழுதி வைக்கணும்னு சொல்லுங்க, பொண்ணுகிட்ட சொல்லி எழுத வைக்கிறேன்."

சர்வர் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நின்ற நேரம், கேள்வி 1-ல் சொன்ன மூன்றில் எது, அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள், கரண்ட் போய் வந்ததா, ஏசி ஓடியதா, டிஸ்க் விளக்கு எப்படி இருந்தது, தானாக வந்ததா, ஆஃப் செய்ய வேண்டியிருந்ததா. இவ்வளவு போதும். நேரம் மட்டும் துல்லியமாக இருக்கட்டும். "மதியம் போல" என்று எழுதினால் லாக்கோடு பொருத்திப் பார்க்க முடியாது.

இதைச் சடங்கு மாதிரிச் செய்யச் சொல்லவில்லை. நாலைந்து வரி சேர்ந்ததும் ஏதாவது ஒரு ஒழுங்கு கண்ணில் படும். மாதம் 11, 20 தேதிகளை ஒட்டியே வருகிறது என்றால் அது ஜிஎஸ்டி ரிட்டர்ன் நெரிசல், பளு அதிகமாகும்போது நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்றால் ஏசி இல்லாத சூடு, அல்லது வாராந்திர வேலை ஏதாவது. இந்த நோட்டு இல்லாமல் பாகங்களை மாற்ற ஆரம்பிப்பது வீண் செலவு.

4. "ஈவென்ட் வியூவர் திறந்தா சிவப்பு சிவப்பா நூறு எர்ரர் இருக்கு. எதை நம்புறது?"

ஈவென்ட் வியூவர் என்பது விண்டோஸ் தன் லாக்கைக் காட்டும் இடம். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். "சிஸ்டம்" பகுதியை மட்டும் திறந்து, நோட்டில் உள்ள நேரத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தைப் பாருங்கள். எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது 41 என்ற எண்ணில் வரும் "கர்னல் பவர்" எர்ரரை. உடனே எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது சொல்வது இவ்வளவுதான்: சிஸ்டம் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை. நீங்கள் பவர் பட்டனை அழுத்தினாலும் அதேதான் பதிவாகும். 6008-ம் அப்படியே. இரண்டும் விளைவுகள், காரணங்கள் அல்ல.

கவனிக்க வேண்டியவை வேறு. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் ரீசெட் செய்யப்பட்டது. 153 என்றால் படிப்பதோ எழுதுவதோ தோற்று மறுபடி முயன்றது. 7 என்றால் டிஸ்க்கில் கெட்ட இடம். 11 வந்தால் கன்ட்ரோலர் அல்லது கேபிள். "வியா லாகர்" என்ற பெயரில் வருபவை பிராசஸர், ராம், மதர்போர்டு ஸ்லாட் ஆகியவற்றின் வன்பொருள் கோளாறுகள். லினக்ஸில், ரீஸ்டார்ட்டுக்கு முந்தைய ஓட்டத்தின் ஜர்னலை (அங்கே லாக்கின் பெயர்) பாருங்கள். ஒரு வேலை 120 விநாடிக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது என்று கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் டிஸ்க்கையோ நெட்வொர்க் ஸ்டோரேஜையோ காட்டுகிறது.

ஒன்றுமே பதிவாகாமல் லாக் சட்டென்று அறுந்திருந்தால் அதுவும் தகவல்தான். எழுத நேரமில்லாமல் மொத்த மெஷினும் உறைந்திருக்கலாம். அல்லது லாக் எழுத வேண்டிய டிஸ்க்கே காணாமல் போயிருக்கலாம். இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை.

5. "ரெண்டு நிமிஷம் அப்படியே நிக்குது, அப்புறம் தானா ஓடுது. வைரஸா இருக்குமோ?"

வைரஸைவிட டிஸ்க்குக்கே வாய்ப்பு அதிகம். சாதாரண டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் ஒரு கெட்ட இடத்தைப் படிக்க முடியாவிட்டால், விடாமல் திரும்பத் திரும்ப முயலும். சில மாடல்கள் ஒரு நிமிடத்துக்கு மேல்கூட முயன்றுகொண்டிருக்கும். அதுவரை அந்த டிஸ்க்கை நம்பிய எல்லாம் நிற்கும். நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ் பெட்டி), சர்வர் வகை டிஸ்க்குகள் பொதுவாக 7 விநாடியில் கைவிட்டு, மீதியை ரெய்டிடம் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் அமைப்பு) ஒப்படைத்துவிடும். டெஸ்க்டாப் டிஸ்க்குகளை ரெய்டில் போட்டவர்களுக்கு இந்த உறைவு அதிகம் வருவது இதனால்தான்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 05 என்ற வரி, மாற்றப்பட்ட கெட்ட இடங்கள். சி5, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள். சி6, சரிசெய்யவே முடியாதவை. இந்த மூன்றிலும் கடைசிப் பத்தியில் பூஜ்ஜியம் இல்லாவிட்டால் டிஸ்க்கை மாற்றத் தயாராகுங்கள். அந்தப் பத்தி முதலில் பதினாறடிமான எண்ணில்தான் காட்டும், மெனுவில் பதின்ம எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை விடுங்கள், கேபிளைப் பாருங்கள். அந்தச் சிவப்பு சாட்டா கேபிளின் முனையில் உலோக க்ளிப் இல்லாவிட்டால், ஃபேன் அதிர்விலேயே இம்மியளவு நெகிழ்ந்துவிடும். புதுக் கேபிள் அற்ப விலைதான். மாற்றிய பிறகும் பழைய எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும், மேலும் ஏறாமல் இருந்தால் சரி.

6. "டிஸ்க் ஹெல்த் நூறு சதவீதம்னு காட்டுதே, அப்புறமும் டிஸ்க்கைச் சொல்றீங்க?"

பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) காட்டும் "ஓகே" தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அந்த எல்லைக்கு வெகு முன்பே டிஸ்க் திணற ஆரம்பித்துவிடும். விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கத்தைத் திறந்து ரெஸ்பான்ஸ் டைம் என்ற பத்தியைப் பாருங்கள். எஸ்எஸ்டியில் ஓரிரு மில்லி விநாடி, ஹார்ட் டிஸ்க்கில் 10, 20 என்பது இயல்பு. வேலை லேசாக இருக்கும்போதே நூற்றுக்கணக்கில் நிற்கிறது என்றால் ஹெல்த் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். கூரை ஓடுகள்போல ஒன்றின்மேல் ஒன்று படியும் தடங்களில் எழுதும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்குகளில் கெடாமலே இப்படி ஆகும். பெரிய அளவில் எழுதும்போது உள் இடம் நிரம்பி, பல விநாடி பதிலே வராது. 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் ரெட் வரிசையின் சில நாஸ் டிஸ்க்குகளும் இந்த வகை என்று வெளியிட்டபோது பெரிய சர்ச்சை ஆனது. வாங்கும் முன் மாடல் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிஸ்க்குக்குள் ஓடும் ஃபர்ம்வேரும் (அதன் உள் மென்பொருள்) காரணமாகலாம். இதற்குப் பழைய, நன்றாகப் பதிவான உதாரணம் க்ரூஷியல் எம்4 எஸ்எஸ்டி. மொத்தம் 5184 மணி நேரம் ஓடி முடித்ததும் அது பதில் சொல்வதை நிறுத்திவிடும். ரீஸ்டார்ட் செய்தால் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும், மறுபடி நிற்கும். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது, ஹெல்த்தும் நன்றாகவே காட்டும். 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அப்டேட்டில் தீர்ந்தது. எச்பிஇ நிறுவனமும் 2019-ல், சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரத்தில் செயலிழக்கும் என்று எச்சரித்து ஃபர்ம்வேர் வெளியிட்டது. இதைப் படித்த பிறகாவது டிஸ்க்கின் ஃபர்ம்வேர் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், ப்ளீஸ்.

7. "எங்க சர்வர் டெய்லி மதியம் ஒரு மணிக்குத்தான் நிக்குது. சாப்பாட்டு நேரம் பார்த்து நிக்குமா?"

மணி பார்த்து நிற்கிறது என்றால் மணி பார்த்து ஓடும் ஏதோ ஒன்று இருக்கிறது. டாஸ்க் ஷெட்யூலரையும் ஆன்டிவைரஸ் ஸ்கேன் நேரத்தையும் பேக்கப் நேரத்தையும் நோட்டோடு ஒப்பிடுங்கள். "யாரும் வேலை செய்யாத நேரம்" என்று மதியச் சாப்பாட்டு வேளையில் ஸ்கேன் போட்டு வைப்பது வழக்கம். ஒரு மணிக்கு ஆரம்பித்தது இரண்டரை வரை டிஸ்க்கைக் கடைந்துகொண்டிருக்கும். ஸ்கேனை இரவுக்கு மாற்றுங்கள். டாலி டேட்டா ஃபோல்டரை நேரலை ஸ்கேனிலிருந்து விலக்கலாமா என்று கேட்பார்கள். இரவு ஸ்கேன் ஒழுங்காக ஓடுகிறது என்றால் விலக்கலாம்.

மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வரும் ஒழுங்குகளும் உண்டு. டெபியன் லினக்ஸில் மென்பொருள் ரெய்டு இருந்தால், மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை ஒரு மணி வாக்கில் எல்லா டிஸ்க்கையும் முழுக்கச் சரிபார்க்கும். ரெய்டு கார்டில் பேட்டரி இருந்தால், சில மாடல்கள் ஏறத்தாழ 90 நாளுக்கு ஒருமுறை அதைத் தாமே இறக்கி ஏற்றிச் சோதிக்கும். அந்தச் சில மணி நேரம் எழுதும் கேஷ் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக ஏந்தி வைக்கும் மெமரி) அணைந்திருப்பதால் சர்வர் நத்தை வேகத்துக்கு வந்துவிடும்.

8. "பகல்ல எவ்வளவு வேலை கொடுத்தாலும் ஓடுது. ராத்திரி சும்மா இருக்கும்போதுதான் செத்துப்போகுது. இது என்ன கொடுமை?"

முதல் சந்தேகம் ஏசி. ஆறு மணிக்கு ஏசியை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போனால் அந்த அறை இரவு முழுக்க வெந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்து பிராசஸர் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளிபோலப் படிந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏசி நாள் முழுக்க ஓடும் இடம் என்றால் அடுத்து மின்சேமிப்பு. வேலை இல்லாதபோது பிராசஸர் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகும். அதிலிருந்து எழ முடியாமல் உறைவது உண்டு. 2017-ல் வந்த முதல் தலைமுறை ரைசன் பிராசஸர் மெஷின்கள் பலவற்றில், குறிப்பாக லினக்ஸில், இது நடந்தது. பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்பதை "டிபிகல் கரன்ட் ஐடில்" என்று மாற்றினால் பலருக்கு நின்றது. இன்டெல்லின் பே டிரெயில் வகைப் பிராசஸர் உள்ள சின்ன மெஷின்களிலும் லினக்ஸில் இதே மாதிரி உண்டு. விண்டோஸில் ஸ்லீப் அணைந்திருக்கிறதா, ஹார்ட் டிஸ்க்கை 20 நிமிடத்தில் நிறுத்தும் அமைப்பு அணைந்திருக்கிறதா, நெட்வொர்க் கார்டை மின்சேமிப்புக்காக அணைக்கும் டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

9. "ரீஸ்டார்ட் பண்ணினா பத்து நாள் ஜம்முனு ஓடுது. அப்புறம் மெல்ல மெல்லத் திணறி நின்னுடுது."

மெல்ல மெல்ல என்பதுதான் இதில் முக்கியம். ஏதோ ஒரு மென்பொருளோ டிரைவரோ (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எடுத்த மெமரியைத் திருப்பித் தரவில்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தில் "நான் பேஜ்டு பூல்" என்ற எண்ணை ரீஸ்டார்ட் செய்த அன்றும், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறையும் நோட்டில் எழுதுங்கள். ஏறுமுகமாகவே போனால் டிரைவர்மேல் சந்தேகம். அது முழுக்கத் தீர்ந்தால் 2019 என்ற எண்ணில் லாக்கில் பதிவு வரும். சாதாரண மென்பொருள் என்றால் 2004 என்ற எண்ணில் வரும் எச்சரிக்கை, மெமரியை அதிகம் தின்ற மூன்று புரோகிராம்களின் பெயரையே சொல்லிவிடும்.

வாராவாரம் ரீஸ்டார்ட் போட்டு ஓட்டலாமா என்று கேட்டால், குற்றவாளியின் அப்டேட் வரும்வரை ஓட்டலாம். தேடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

10. "ராமைக் கழட்டி ரப்பரால தேய்ச்சுப் போட்டோம், ஒரு வாரம் நல்லா இருந்துச்சு. அப்போ ராம்தான் பிரச்சனையா?"

தேய்த்ததால் சரியானதா, ஒரு வாரம் தற்செயலாக ஓடியதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது (கேள்வி 14 பாருங்கள்). சோதிக்க வழி இருக்கும்போது ஏன் ஊகம்? ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் பென் டிரைவில் பூட் செய்து, சனிக்கிழமை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் ராம் பக்கம் கோளாறு உறுதி. எந்தக் குச்சி என்று தெரிய ஒவ்வொன்றாகப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதே ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள், ஸ்லாட்டே கெட்டிருக்கலாம். பிழையைத் தானே திருத்தும் இசிசி ராம் உள்ள நிஜ சர்வர் என்றால், திருத்திய பிழைகளின் கணக்கை மெஷினே வைத்திருக்கும். ஐலோ, ஐடிராக் போன்ற நிர்வாகத் திரையில் லாக்கைப் பாருங்கள்.

11. "யுபிஎஸ் போட்டிருக்கோமே தம்பி, கரண்டு எப்படிக் காரணமாகும்?"

யுபிஎஸ் இருப்பதாலேயே சில சமயம் காரணமாகிறது. நாம் சாதாரணமாக வாங்குவது கரண்ட் போனதும் "டிக்" என்று பேட்டரிக்குத் தாவும் வகை. தாவ 10 மில்லி விநாடி வரை ஆகலாம். நல்ல எஸ்எம்பிஎஸ் முழுப் பளுவிலும் 16 மில்லி விநாடி வாக்கில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது நீண்ட காலம் இருந்த விதி. ஐந்தாறு வருடம் ஓடிக் கபாசிட்டர் வறண்டுபோன எஸ்எம்பிஎஸ் அவ்வளவு தாங்காது. கரண்ட் தாவும்போதெல்லாம் நிற்கிறது என்று நோட்டு சொன்னால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் அடுத்த முறை ஆன்லைன் வகை யுபிஎஸ் வாங்குங்கள், அதில் தாவலே இல்லை.

லேசர் பிரிண்டரைச் சர்வர் இருக்கும் யுபிஎஸ்ஸில் செருகவே கூடாது. அதன் உள்ளே உருளை சூடாகும் நொடியில் பளு எகிறும், யுபிஎஸ் திணறும். எர்த்தையும் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங்கைச் சரிசெய்ய வேண்டும்.

12. "பேசாம ஃபார்மட் பண்ணிப் புதுசா ஏத்திடலாமா?"

வேண்டாம், குறைந்தபட்சம் முதலில் வேண்டாம். டிஸ்க், கேபிள், சூடு, கரண்ட் எதையும் ஃபார்மட் தொடாது. ஒரு நாள் ஆபீஸ் நிற்கும், பழைய லாக் அழியும், இரண்டு வாரத்தில் அதே பிரச்சனை திரும்ப வரும். கேள்வி 9-ல் சொன்ன மாதிரி மென்பொருள்தான் என்று உறுதியாகி, குற்றவாளியைக் கழற்ற முடியாதபோது செய்யலாம். அப்போதும் பழைய டிஸ்க்கை எடுத்து வைத்துவிட்டுப் புது டிஸ்க்கில் ஏற்றுங்கள்.

13. "எங்களோடது சர்வரே இல்ல, நல்ல டெஸ்க்டாப்பைத்தான் சர்வரா வச்சிருக்கோம். அதனாலதானா?"

ஏழெட்டுப் பேருக்கு நல்ல டெஸ்க்டாப் தாராளமாகப் போதும். ஆனால் விண்டோஸ் ப்ரோ ஒரே சமயத்தில் 20 இணைப்புகளைத்தான் ஏற்கும். ஸ்கேனர், சிசிடிவி பெட்டி, வெளி லேப்டாப் எல்லாம் ஷேர் ஃபோல்டரைத் தொட்டால் அவையும் கணக்கில் சேரும். எல்லை தாண்டியதும் புதிதாக வருபவருக்கு ஃபோல்டர் திறக்காது, ஏற்கனவே உள்ளே இருப்பவருக்கு ஓடும். சிலருக்கு மட்டும் நிற்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

14. "நீங்க சொன்னதெல்லாம் பார்த்தாச்சு. லாக்ல ஒண்ணுமே இல்ல. இன்னும் நிக்குது."

இப்போது பொறி வைக்க வேண்டும். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியில் (அதன் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) ஒரு அமைப்பை முன்கூட்டியே போட்டு ரீஸ்டார்ட் செய்து வைத்தால், உறைந்திருக்கும்போது வலது கன்ட்ரோலைப் பிடித்தபடி ஸ்க்ரோல் லாக்கை இரண்டு முறை தட்டியதும் நீலத் திரை வந்து மெமரியில் இருப்பது ஃபைலாகப் பதிவாகும். அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் எந்த டிரைவரில் மாட்டியது என்று சொல்லிவிடுவார். அதற்கும் அசையவில்லை என்றால் சந்தேகம் பெரும்பாலும் வன்பொருள் பக்கம் சாய்கிறது. லினக்ஸில் கர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியே இன்னொரு மெஷினுக்கு அனுப்பும் நெட்கன்சோலைப் போட்டு வையுங்கள். டிஸ்க்கே போனாலும் கடைசி வரிகள் தப்பிவிடும்.

பிறகு பாகங்களை மாற்றிப் பார்க்கலாம், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. பயாஸ் அப்டேட், எஸ்எம்பிஎஸ், ராம், கடைசியாக மதர்போர்டு என்ற வரிசையில் போவேன், விலையும் அந்த வரிசையில் ஏறும் என்பதால். மதர்போர்டில் உச்சி உப்பிய கபாசிட்டர் கண்ணில் பட்டால் வரிசையை மறந்துவிட்டு மதர்போர்டையே மாற்றுங்கள்.

ஒன்றை மாற்றிய பிறகு எத்தனை நாள் காத்திருப்பது? உறைவு ஒழுங்கில்லாமல், சராசரியாக ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமே சரியாகாவிட்டாலும் ஐந்து நாள் சும்மா ஓடிவிட 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பதினைந்து நாள் தற்செயலாக ஓட 5 சதவீதம்தான். ஆகவே சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காத்திருந்துவிட்டு அடுத்த பாகத்துக்குப் போங்கள். மாற்றிய தேதியையும் பாகத்தையும் அதே நோட்டில் எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தின்மேல் தேதி ஒட்டித் தனியாக வையுங்கள், உறைவு திரும்பினால் அதையே மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.